கண் வழியே சென்ற கணக்கு

எண்ணையும் எழுத்தையும் மனிதனின் இரு கண்களாகப் போற்றியவர்கள் நம் முன்னோர். எண் உண்மையை அளக்கிறது. எழுத்து அதனை உரைக்கிறது. ஆயினும் அளந்தும் உரைத்தும் பிறர் நெஞ்சில் ஏறாத உண்மைகள் உண்டு. ஆட்சியாளரின் மேசைமீது ஆண்டுக்கணக்கில் கிடந்து, தூசி படிந்து, ஒருவராலும் புரட்டப்படாமற்போன அட்டவணைகள் எத்தனையோ. இத்தனை பேர் மாண்டனர் என்னும் எண் ஒரு கட்டத்துக்குள் அடங்கிக் கிடக்கும். படிப்பவர் கண் அதனைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குச் சென்றுவிடும். அந்த எண்ணையே கோடாகவும் பட்டையாகவும் வண்ணமாகவும் மாற்றி வைத்தால் கண் தாண்டிச் செல்லாது, நின்று பார்க்கும் என்று உணர்ந்தவர்களின் வரலாறு மிகப் பழையது அன்று. நிலத்தையும் விண்மீனையும் வரைந்து காட்டும் கலை தொன்மையானது. வணிகத்தையும் வறுமையையும் மரணத்தையும் வரைந்து காட்டலாம் என்னும் எண்ணமோ பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான் முளைவிட்டது.

அதனை முளைக்க வைத்தவர் வில்லியம் பிளேஃபேர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர். 1759ஆம் ஆண்டு ஒரு கிறித்துவப் போதகரின் மகனாகப் பிறந்து, பதின்மூன்று வயதளவில் தந்தையை இழந்து, தமையன் ஜோனின் கண்காணிப்பில் வளர்ந்தவர். தமையனோ கணித அறிஞர். நாள்தோறும் வெப்பமானியைப் பார்த்து அளவைக் குறித்து, அதனைக் கோடாக வரையுமாறு தம்பிக்குப் பயிற்சி கொடுத்தார். ஒரு வீட்டுப் பாடமே பின்னாளில் ஒரு துறையின் வித்தாயிற்று எனின் மிகையன்று. பிளேஃபேர் பின்னர் நீராவி இயந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராகப் பணியாற்றினார். 1786இல் இங்கிலாந்தின் வாணிகத்தையும் அரசியல் பொருளியலையும் விளக்கும் படத்தொகுதி ஒன்றை வெளியிட்டார். அதில் இருந்த 44 படங்களுள் ஏறத்தாழ அனைத்தும் ஆண்டுகளைக் கிடைக்கோட்டிலும் பணத்தைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்து வரையப்பட்டவை. ஏற்றுமதிக்கு ஒரு கோடு, இறக்குமதிக்கு ஒரு கோடு, இரண்டிற்கும் இடைப்பட்ட வெளிக்கு ஒரு வண்ணம். ஒரு நாட்டின் நூற்றாண்டுக் கால வாணிகம் கையகலத் தாளில் ஏறி இறங்கியது.

அந்நூலில் ஒரேயொரு படம் மட்டும் வேறு வகையானது. ஸ்கொட்லாந்து 17 நாடுகளோடும் இடங்களோடும் நடத்திய வாணிகத்துக்கு ஓர் ஆண்டின் கணக்கு மட்டுமே அவருக்குக் கிடைத்தது. ஓர் ஆண்டை வைத்துக்கொண்டு கோடு இழுப்பது எப்படி? ஆகவே ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பட்டை வரைந்தார். இந்தப் படம் பயனில் ஏனையவற்றுக்குத் தாழ்ந்ததே என்று அவரே குறைப்பட்டுக்கொண்டார். இன்று தமிழ்ப்பள்ளி மாணவரும் வரையும் பட்டைக்குறிவரைவு இவ்வாறு விவரம் போதாமையால் பிறந்த பிள்ளையாகும். 1801இல் வெளிவந்த மற்றொரு நூலில் வட்டக்குறிவரைவையும் அவரே அறிமுகப்படுத்தினார். கோடு, பட்டை, வட்டம் ஆகிய மூன்றையும் உலகுக்கு அளித்த மனிதர் கடனிலும் வழக்கிலும் உழன்று 1823இல் வறியவராய் மறைந்தார். இங்கிலாந்தின் கற்றோர் அவர் படங்களை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. படத்தோடு அட்டவணையையும் சேர்த்து அச்சிடுவதே தக்கது, இல்லையேல் படம் வரைந்தவரின் வாய்ச்சொல்லை மட்டுமே நம்ப வேண்டியதாகும் என்று வாட் அவருக்கு அறிவுரை கூறியது குறிப்பிடத்தக்கது. வரைபடத்தை வெறும் அலங்காரமாகக் கருதுவோர் எக்காலத்தும் செவிமடுக்கத்தக்க அறிவுரை அது.

வாணிகத்துக்கு வந்த கோடு மரணத்துக்கு வந்த கதை இனித் தொடங்குகிறது.

1854ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இரவு இலண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் வாந்திபேதி எனப்படும் காலரா கடுமையாகத் தாக்கியது. பத்தே நாளில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் அனைவரும் ஓரிடத்திலிருந்து ஏறத்தாழ 250 கஜத் தொலைவுக்குள் வாழ்ந்தவர்கள். காலரா தீய காற்றினால் பரவுகிறது என்பதே அன்றைய மருத்துவ உலகின் உறுதியான நம்பிக்கை. குப்பையும் கழிவும் அழுகி எழும் நாற்றமே நோயின் தாய் என்றனர். இதனை ஏற்காதவர் ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவர். 1813இல் யார்க் நகரில் ஓர் ஏழைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர்; மயக்க மருந்து கொடுப்பதில் வல்லவர்; 1853இல் விக்டோரியா அரசியாரின் பிள்ளைப்பேற்றின்போது மயக்க மருந்து கொடுத்தவரும் அவரே. காலரா குடிநீரின் வழியாகவே பரவுகிறது என்று 1849இலேயே ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். அதனை நம்புவார் அரிதாயினர்.

சோஹோவில் நோய் வெடித்ததும் ஸ்னோ பிராட் தெருவின் அடிகுழாயை ஐயுற்றார். பிறப்பு இறப்புப் பதிவகத்திலிருந்து அவ்வாரத்தில் இறந்தோரின் பட்டியலைப் பெற்றார். முதல் மூன்று நாள்களில் இறந்த 83 பேரின் முகவரிகளோடு வீடு வீடாகச் சென்றார். அவர்களுள் பத்துப் பேர் மட்டுமே வேறொரு குழாய்க்கு அண்மையில் வாழ்ந்தவர்கள். அந்தப் பத்துப் பேரிலும் ஐவரின் குடும்பத்தார் தாங்கள் எப்போதும் பிராட் தெருவுக்கே ஆளனுப்பித் தண்ணீர் எடுத்ததாகக் கூறினர். மூவர் அக்குழாயை அடுத்த பள்ளிக்கூடத்துக்குச் சென்று வந்த குழந்தைகள். செப்டம்பர் 7ஆம் நாள் மாலை ஸ்னோ ஊர்க்குழுவினரைச் சந்தித்துத் தம் சான்றுகளை எடுத்துரைத்தார். மறுநாளே குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது.

பள்ளிக்கூடங்களில் இக்கதை வேறு விதமாகச் சொல்லப்படுவதுண்டு. ஸ்னோ ஒரு வரைபடத்தில் இறந்தோரைப் புள்ளி புள்ளியாகக் குறித்தார், புள்ளிகள் குழாயைச் சூழ்ந்து நிற்பதைக் கண்டார், உடனே கைப்பிடியைக் கழற்றச் செய்தார், நோய் நின்றது என்பது அக்கதை. கேட்பதற்கு இனியது, ஆயின் உண்மை அன்று. வரைபடம் கைப்பிடி கழற்றப்பட்ட பின்னரே வரையப்பட்டது. அவ்வாண்டு திசம்பரில் ஒரு மருத்துவச் சங்கத்தின் முன் அது காட்டப்பட்டது. 1855இல் அவருடைய நூலின் இரண்டாம் பதிப்பில் அச்சேறியது. கைப்பிடி கழற்றப்பட்டபோது நோயின் வேகமும் முன்னமே தணியத் தொடங்கியிருந்தது. மக்களுள் பலர் ஊரைவிட்டே ஓடியிருந்தனர். ஸ்னோ தாமே இதனை மறைக்காமல் எழுதியுள்ளார். வரைபடம் உண்மையைக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்த உண்மையைப் பிறர் காணும்படி செய்தது. இவ்விரண்டும் ஒன்றல்ல.

அப்படத்தில் தெருக்கள் மெல்லிய கோடுகளாக உள்ளன. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சிறிய கறுப்புப் பட்டை. ஒரே வீட்டில் நால்வர் இறந்திருந்தால் நான்கு பட்டைகள் செங்கற்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். பிராட் தெருக் குழாயின் இருபுறமும் அடுக்குகள் உயர்ந்து நிற்கும். வேறு குழாய்களை நெருங்க நெருங்க அவை மெலிந்து மறையும். சாவுகள் நிறைந்த இடங்கள் போலவே சாவுகள் இல்லாத இடங்களும் பேசுகின்றன. குழாய்க்கு அண்மையில் இருந்த ஏழையர் இல்லத்தில் 535 பேர் வாழ்ந்தனர். இறந்தோர் ஐவர் மட்டுமே. அங்குத் தனிக் கிணறு இருந்தது. அதே தெருவில் இருந்த மதுவடிப்பாலையில் எழுபதுக்கு மேற்பட்டோர் வேலை செய்தனர், ஒருவர்கூட இறக்கவில்லை. அவர்கள் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட மதுவையே குடித்தனர், அடிகுழாய்ப் பக்கமே செல்லவில்லை. தீய காற்றுதான் காரணம் என்றால் அந்தக் காற்று இவ்விரு கட்டடங்களை மட்டும் எப்படி விட்டுச் சென்றது? படத்தைப் பார்ப்பவர் உள்ளத்தில் இந்தக் கேள்வி தானே எழும்.

இன்னொரு செய்தியும் ஆசிரியர்கள் அறியத்தக்கது. அதே சாவுகளைக் குறித்து ஸ்னோவுக்கு முன்னரே ஒரு வரைபடம் வந்துவிட்டது. நகரக் கழிவுநீர் ஆணையத்தின் பொறியாளர் ஒருவர் வரைந்தது அது. நோய் சாக்கடைகளால் வந்ததா என்று ஆராய்வதே அவருக்கு இடப்பட்ட பணி. சாக்கடைகளையும் இறந்தோர் வீடுகளையும் கவனமாகக் குறித்தார். இரண்டிற்கும் தொடர்பில்லை என்று முடித்தார். அவர் வரைந்ததும் பிழையான படம் அன்று. கேட்ட கேள்வி வேறாதலால் கிடைத்த விடையும் வேறாயிற்று.

ஸ்னோவின் படத்தால் உலகம் உடனே மாறிவிடவில்லை. அரசின் சுகாதார வாரியம் அமைத்த குழு அவர் கருத்தை ஏற்கக் காரணம் எதுவுமில்லை என்று 1855இல் ஒதுக்கிவிட்டது. எனினும் அவருடைய கூற்றைத் தவறெனக் காட்டும் நோக்கோடு ஆராயத் தொடங்கிய ஹென்றி ஒயிட்ஹெட் என்னும் இளம் போதகர் ஈற்றில் அவர் பக்கமே வந்து நின்றார். பிராட் தெரு 40ஆம் எண் வீட்டில் நோயுற்ற ஒரு பச்சிளங்குழந்தையின் துணிகளை அலசிய நீர், குழாய்க் கிணற்றுக்கு அருகிலிருந்த மலக்குழியில் ஊற்றப்பட்டதைக் கண்டறிந்தவர் அவரே. ஸ்னோ 1858இல் 45ஆம் வயதில் மறைந்தார். ரோபர்ட் கோக் என்னும் செருமானிய அறிஞர் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து காலராக் கிருமியை உலகறியச் செய்தது 1883, 1884ஆம் ஆண்டுகளில்தான்.

ஸ்னோ மறைந்த அதே 1858இல் இலண்டனில் மற்றொரு படம் அச்சேறியது. அதனை வரைந்தவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

கைவிளக்கேந்திய காரிகையாகவே அம்மையாரைப் பாடநூல்கள் அறிமுகப்படுத்துகின்றன. விளக்கோடு அவர் கையில் எழுதுகோலும் கணக்கேடும் இருந்தன என்பதை அந்தப் பாடங்கள் சொல்வதில்லை. இது ஒரு பெருங்குறை. 1854 நவம்பரில் 38 தாதியருடன் துருக்கியின் ஸ்கூட்டாரி மருத்துவமனையை அடைந்தார் அம்மையார். கிரிமியப் போரில் காயமுற்ற வீரரும் நோயுற்ற வீரரும் அங்குக் கப்பல் கப்பலாக வந்திறங்கினர். தாதியர் வந்த பின்னர்ச் சாவு குறைந்தது என்றே எவரும் நினைப்பர். அந்தக் குளிர்காலத்தில் அது குறையவில்லை, மாதந்தோறும் கூடியது. 1855 பெப்ரவரியில் ஸ்கூட்டாரியில் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு நாற்பத்திரண்டு பேருக்கு மேல் மாண்டனர். அன்பும் தொண்டும் இருந்தும், மருத்துவமனையின் அடியிலேயே அடைபட்டுக் கிடந்த சாக்கடைகளை அவை என் செய்ய இயலும்? மார்ச்சு மாதம் இங்கிலாந்திலிருந்து வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைக் கழுவியது. அழுக்கை வண்டி வண்டியாக அகற்றியது. சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசியது. காற்றோட்டத்துக்கு வழி செய்தது. சூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு இரண்டளவாகச் சரிந்தது.

போர் முடிந்து 1856இல் தாயகம் திரும்பிய அம்மையாரை நாடு தலைமேல் வைத்துக் கொண்டாடியது. அம்மையாரோ அந்தப் புகழில் மனம் வைக்கவில்லை. மாண்ட வீரரின் கணக்கை வேண்டினார். பதிவகத்தின் புள்ளிவிவர அறிஞர் வில்லியம் பார் என்பவரோடு சேர்ந்து மாத வாரியாக அதனைத் தொகுத்தார். தொகுத்தபோது தெரிந்த உண்மை கொடியது. 1855 சனவரி மாதத்தில் கிழக்கே இருந்த பிரித்தானியப் படையில் 32,393 பேர் இருந்தனர். அம்மாதத்தில் காயத்தால் இறந்தோர் 83 பேர்; பிற காரணங்களால் இறந்தோர் 324 பேர்; தடுத்திருக்கக்கூடிய தொற்று நோய்களால் இறந்தோரோ 2,761 பேர். அதே வேகத்தில் ஓராண்டு சென்றால் ஆயிரத்துக்கு 1,022 பேர் என்று கணக்கு வரும். அதாவது, புதிய வீரர் வந்து சேராவிடில் நோய் மட்டுமே முழுப் படையையும் தின்று தீர்த்திருக்கும். உருசியரின் குண்டுகளுக்கு வேலையே இருந்திராது.

இந்த உண்மையைக் கண்டு அஞ்ச வேண்டியவர்கள் அமைச்சர்களும் படைத் தலைவர்களும். அவர்கள் அட்டவணை படிக்கும் வழக்கமுடையவர் அல்லர். ஆகவே அம்மையார் கணக்கை வட்டமாக்கினார். ஒரு வட்டத்தைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு துண்டங்களாகப் பகுத்தார். வட்டக்குறிவரைவில் துண்டங்களின் கோணம் மாறும். இதில் கோணம் மாறாது, துண்டம் நடுவிலிருந்து வெளியே நீளும் அளவு மாறும். நோயால் இறந்தோருக்கு நீலம், காயத்தால் இறந்தோருக்குச் சிவப்பு, பிறவற்றுக்குக் கறுப்பு. 1854 ஏப்ரல் முதல் 1855 மார்ச்சு வரை ஒரு வட்டம். அடுத்த ஆண்டுக்கு மற்றொரு வட்டம். முதல் வட்டத்தில் குளிர்கால மாதங்களின் நீலம் சிறகு விரித்த பறவை போலத் தாள் முழுவதும் பரவி நிற்கிறது. போர் என்றால் குருதியின் சிவப்பே மிகுந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பவர் கண், சிவப்பை நடுவில் ஒரு சிறு ஆப்பாகக் காண்கிறது. இரண்டாம் வட்டத்தில் அந்த நீலம் சுருங்கிச் சென்று, 1856 மார்ச்சில் கண்ணுக்குத் தெரியாத அளவாகிறது. அம்மாதம் 46,140 பேர் கொண்ட படையில் நோயால் இறந்தோர் 15 பேர்தாம்.

இப்படத்துக்கு முன்னோடியாக அம்மையார் வரைந்த வேறொரு படத்தில் ஒரு பிழை நேர்ந்தது. அதில் இறப்பின் எண்ணிக்கையை நடுவிலிருந்து செல்லும் கோட்டின் நீளமாக வைத்துவிட்டார். கோடுகளின் முனைகளை இணைத்து உட்புறத்துக்கு வண்ணம் தீட்டியபோது பெரிய மாதங்கள் அளவுக்கு மீறிப் பெரியனவாகத் தோன்றின. காரணம் எளிது. தோசையின் ஆரத்தை இருமடங்காக்கினால் மாவு இருமடங்கு போதாது, நான்கு மடங்கு வேண்டும். கண் பார்ப்பது கோட்டின் நீளத்தை அன்று, வண்ணம் தீட்டிய பரப்பை. தம் வாதத்துக்குத் துணை செய்யும் பிழையாயிற்றே என்று அம்மையார் அதனை விட்டுவைக்கவில்லை. பிழையைக் குறிப்பிட்டுத் திருத்தம் சேர்த்தார். அடுத்து வரைந்த படத்தில் பரப்பே எண்ணிக்கையைக் குறிக்கும்படி செய்தார். எதிர்த் தரப்பினர் ஒரு பிழையைக் கண்டால் போதும், படம் முழுவதையும் தள்ளிவிடுவர் என்பதை அவர் அறிந்திருக்கக்கூடும். ஆயினும் நேர்மைக்கு அது ஒன்றே காரணமாக இருந்திருக்கத் தேவையில்லை.

போர்க்களத்தோடு அம்மையார் நின்றுவிடவில்லை. அமைதிக் காலத்தில் இங்கிலாந்தின் பாசறைகளிலேயே வாழ்ந்த வீரரின் இறப்பையும் பட்டைகளாக வரைந்து காட்டினார். இருபது முதல் இருபத்தைந்து வயது வரையுள்ள ஊர்மக்களுள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 8.4 பேர் இறந்தனர்; அதே வயதுடைய வீரருள் 17 பேர் இறந்தனர். வீரரோ உடல் உறுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கறுப்பில் ஒரு பட்டை, அதன் கீழ் இருமடங்கு நீளத்தில் சிவப்பில் ஒரு பட்டை. வயதுக்கு வயது இப்படியே. ஆண்டுதோறும் 1,100 வீரரைத் திடலில் நிறுத்திச் சுட்டுக்கொல்வதற்கு இது ஒப்பாகும் என்று அம்மையார் ஒரு கடிதத்தில் சினந்து எழுதினார். பாசறைகளும் படை மருத்துவமனைகளும் அடுத்தடுத்துச் சீர்திருத்தப்பட்டன. 1858இல் இலண்டன் புள்ளிவிவரக் கழகம் அம்மையாரைத் தன் முதற்பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

பிரெஞ்சு நாட்டில் சார்லஸ் ஜோசப் மினார் என்னும் பொறியாளர் இதே கலையை வேறொரு வழியில் வளர்த்தார். 1781இல் பிறந்த அவர் 1869இல், தம் 88ஆம் வயதில், நெப்போலியன் 1812இல் உருசியா மீது படையெடுத்த கதையை ஒரே தாளில் வரைந்தார். படையே அங்கு ஒரு பட்டையாகச் செல்கிறது. பத்தாயிரம் பேருக்கு ஒரு மில்லிமீட்டர் அகலம். நேமன் ஆற்றைக் கடக்கையில் 4,22,000 பேர். மாஸ்கோவை அடைகையில் 1,00,000 பேர். மீண்டும் நேமன் கரைக்கு வருகையில் 10,000 பேர். திரும்பும் படை கறுப்புக் கோடாக மெலிந்து வருகிறது. அதன் கீழே குளிரின் அளவு இறங்கிக்கொண்டே செல்கிறது. உருசியக் குளிரே நெப்போலியனைத் தோற்கடித்தது என்று பொதுவாகக் கூறுவர். மினாரின் படத்தை ஊன்றிப் பார்ப்பவர் அவ்வாறு கூறத் தயங்குவர். வழியில் பிரிந்து சென்ற படைப்பிரிவுகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், குளிர் தொடங்குமுன்னரே, மாஸ்கோ செல்லும் வழியிலேயே, பட்டை பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. பெரெசினா ஆற்றைக் கடக்கும் இடத்தில் 50,000 என்னும் எண் 28,000 ஆகிறது. அங்கு ஒரு வருணனையும் இல்லை. கோடு சட்டென ஒடுங்குகிறது, அவ்வளவே. அதை வரைந்த மறு ஆண்டே, செருமானியப் படை பாரிசை நெருங்கியபோது, முதியவர் மினார் நகரைவிட்டு வெளியேறி பொர்தோ நகரில் காலமானார்.

அமைச்சருக்கும் மருத்துவருக்கும் அறிஞருக்கும் என்று வரையப்பட்ட படம் பாட்டாளிக்கும் பள்ளிப்பிள்ளைக்கும் உரியதாக ஆனது இருபதாம் நூற்றாண்டில். ஓட்டோ நொய்ராத் என்னும் சமூகவியல் அறிஞர் 1925இல் வியன்னா நகரில் சமூகப் பொருளியல் அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கினார். அங்குப் பழைய வாளோ மன்னர் முடியோ இல்லை. நகரில் எத்தனை வீடுகள் கட்டப்பட்டன, எத்தனை குழந்தைகள் பிறந்து இறந்தன, வேலையற்றோர் எத்தனை பேர் என்பன போன்ற செய்திகள் சுவர்ப்படங்களாகத் தொங்கின. வேலை முடிந்து வரும் தொழிலாளி நின்று பார்த்துத் தன் நகரத்தைத் தானே அறிய வேண்டும் என்பது நோக்கம்.

நொய்ராத் வகுத்த முதல் விதி எளியது. பெரிய எண்ணைக் காட்டப் பெரிய படம் வரையாதே. அதே அளவுள்ள படத்தைப் பல முறை வரை. ஒரு மனிதப் படம் ஓர் இலட்சம் பேரைக் குறித்தால், மூன்று இலட்சத்துக்கு மூன்று மனிதப் படங்கள். நைட்டிங்கேல் அம்மையார் தடுக்கி எழுந்த அதே கல்லைத்தான் நொய்ராத் வழியிலிருந்தே அகற்றினார். தொடக்கப்பள்ளியில் படக்குறிவரைவு கற்பிக்கும் ஆசிரியர் இதனை நன்கு அறிவார். மணிலா அட்டையில் மாம்பழம் வரையச் சொன்னால், அதிகம் விற்ற நாளுக்கு ஒரு பெரிய மாம்பழத்தை வரைந்துகொண்டு வரும் பிள்ளைகள் எவ்வகுப்பிலும் இருப்பர்.

அந்த அருங்காட்சியகத்தில் வேலை மூவகையாகப் பகுக்கப்பட்டிருந்தது. விவரம் தொகுப்போர் ஒரு பக்கம். படம் வரையும் ஓவியர் ஒரு பக்கம். இருவருக்கும் இடையே, எதைக் காட்டுவது, எதை விடுவது, எந்த வரிசையில் வைப்பது என்று முடிவு செய்பவர் ஒருவர். இந்த இடைப்பணியில் தலைசிறந்தவர் மேரி ரைடெமைஸ்டர் என்னும் பெண்மணி. பின்னாளில் நொய்ராத்தின் துணைவியார். ஓவியராக வந்தவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்னும் செருமானியக் கலைஞர். தொப்பியும் சட்டைப்பையில் கைகளுமாக நிற்கும் அவருடைய வேலையற்ற தொழிலாளியின் உருவத்தைப் பார்த்தால் விளக்கம் தேவையில்லை. சிறந்த ஆசிரியரின் வேலை அந்த இடைப்பணியே ஆகும். பாடநூல் விவரம் தருகிறது. கரும்பலகை இடம் தருகிறது. எதை விடுவது என்று அறிந்தவரே ஆசிரியர்.

1934இல் ஆஸ்திரியாவில் மக்களாட்சி வீழ்ந்தபோது நொய்ராத் குழுவினர் நெதர்லாந்துக்குத் தப்பிச் சென்றனர். அங்குத்தான் அவர்களுடைய படமொழி ஐசோடைப் என்னும் பெயர் பெற்றது. 1940 மே மாதத்தில் இட்லரின் படை அந்நாட்டையும் விழுங்கியது. நொய்ராத்தும் மேரியும் அகதிகள் நிறைந்த ஒரு சிறு படகில் ஏறிக் கடலைக் கடந்து இங்கிலாந்து சேர்ந்தனர். அந்நாடோ அவர்களைப் பகைநாட்டார் எனக் கொண்டு பல மாதங்கள் தடுப்புக் காவலில் வைத்தது. 1945இல் நொய்ராத் மறைந்த பின்னர் மேரி அப்பணியைத் தொடர்ந்தார். குழந்தைகளுக்கு அறிவியல் படநூல்கள் பல உருவாக்கினார். 1950களில் மேற்கு நைஜீரியாவின் மக்களுக்கு அரசின் திட்டங்களை விளக்கும் ஏடுகளைத் தயாரித்தபோது, வியன்னாவின் தொப்பி அணிந்த மனிதனை அங்கே கொண்டு சென்று ஒட்டவில்லை. அந்நாட்டு உடை, அந்நாட்டு வீடு, அந்நாட்டார் விரும்பும் நிறம் ஆகியவற்றைக் கேட்டறிந்து உருவங்களைப் புதிதாக வரைவித்தார். படம் எல்லா மொழியினர்க்கும் பொதுவானது என்பது பாதி உண்மையே. பார்ப்பவரின் ஊர் அதில் இருந்தால்தான் அது முழு உண்மையாகும்.

1968இல் அதே வியன்னா நகரில் சாலைக் குறிகள் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை உருவாயிற்று. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளும் வழங்கும் மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில், எழுத்தின்றிப் பேசும் உருவத்தின் அருமையை விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கு அண்மையில் சாலையோரம் நிற்கும் குழந்தைகளின் உருவத்தை எம்மொழி ஓட்டுநரும் அறிவார்.

இனி, படம் பேசத் தவறிய ஓர் இரவைப் பற்றியும் கூற வேண்டும்.

1986 சனவரி 28ஆம் நாள் சேலஞ்சர் என்னும் அமெரிக்க விண்ணோடம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதைந்து எழுவர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்னும் பள்ளி ஆசிரியை. 11,000க்கு மேற்பட்ட ஆசிரியர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். விண்ணிலிருந்து மாணாக்கருக்குப் பாடம் நடத்தவிருந்தவர். உந்துகலனின் பொருத்துகளை அடைக்கும் இரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்து இளகாமற்போனதே விபத்தின் காரணம். இதனை முந்தைய இரவே அஞ்சியவர்கள் இருந்தனர். அவ்வளையங்களை அறிந்த பொறியாளர்கள், இக்குளிரில் ஓடத்தைச் செலுத்த வேண்டாம் என்று மன்றாடினர். தொலைநகல் வழியே 13 தாள்களை அனுப்பித் தொலைபேசியில் வாதிட்டனர். அத்தாள்களுள் சில கையெழுத்துப் பட்டியல்கள்; சில அட்டவணைகள். முன்னைய பயணங்களில் வளையம் பழுதுற்ற செய்தி ஒரு தாளில். வெப்பநிலை மற்றொரு தாளில். இரண்டையும் ஒருங்கே வைத்து எல்லாப் பயணங்களையும் காட்டும் படம் ஒன்றுகூட அவற்றுள் இல்லை. மேலாளர்கள் சான்று போதாது என்றனர். ஓடம் கிளம்பிற்று.

பழி முழுவதையும் அந்தத் தாள்களின் மேல் போடுவது நீதியன்று. எச்சரித்தவர்களைக் கேட்க மனமில்லாதவர்களின் பங்கே அதில் பெரிது. தங்களிடம் இருந்த விவரமே குறைவு என்று பொறியாளர்கள் பின்னர்க் கூறியதும் எண்ணத்தக்கது. எனினும் விபத்தை ஆராய்ந்த அதிபர் ஆணையம் அவ்வாண்டு சூன் மாதம் வெளியிட்ட அறிக்கையில் இரண்டு படங்கள் அடுத்தடுத்து உள்ளன. முதற்படத்தில் வளையம் பழுதுற்ற பயணங்கள் மட்டும் புள்ளிகளாக உள்ளன. புள்ளிகள் குளிரிலும் வெப்பத்திலும் சிதறிக் கிடக்கின்றன, எதையும் உணர்த்தவில்லை. இரண்டாம் படத்தில் பழுதே இல்லாத பயணங்களும் சேர்க்கப்பட்டுள்ளன. அவை அனைத்தும் வெப்பமான பக்கத்தில் வரிசையாக வந்து அமர்கின்றன. 66 பாகை பாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில் மட்டுமே பழுது. 63 பாகையும் அதற்குக் கீழும் இருந்த நான்கு பயணங்களிலும் பழுது. அதுவரை நடந்தவற்றுள் மிகக் குளிர்ந்தது 53 பாகை. சேலஞ்சர் கிளம்பிய காலையில் 36 பாகை. படத்தின் புள்ளிகள் முடிந்து, வெற்றிடத்தில் நெடுந்தூரம் சென்றால்தான் அந்த இடம் வரும்.

ஸ்னோ, இறந்தோரின் வீடுகளைப் போலவே இறப்பில்லாத மதுவடிப்பாலையையும் எண்ணிப் பார்த்தவர். பழுதில்லாத பயணங்கள் அந்தப் பதின்மூன்று தாள்களில் இடம்பெறவில்லை. அந்த இரண்டாம் படத்தில் உள்ள புள்ளிகள் மொத்தம் இருபத்து நான்களவே. கட்டம் போட்ட தாளும் ஒரு பென்சிலும் இருந்தால் இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவர் ஒரு பாடவேளைக்குள் அதனை வரைந்து முடித்துவிடுவார்.